காரை விற்றாலும் எஸ்ஆர்-22 தீராது
காரை விற்றுவிட்டால் எஸ்ஆர்-22 காப்பீடு தேவையில்லை என்று ஒரு கட்டுரை சொல்வது ஆபத்தான பிழை. முதலில், அது காப்பீடே அல்ல. குறைந்தபட்ச பாலிசி நடப்பில் இருக்கிறது என்று அமெரிக்க மாநில அரசுக்குக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சான்று. கார் இல்லாவிட்டாலும், முடக்கப்பட்ட உரிமம் திரும்பக் கிடைக்க அரசு அதைக் கேட்டால், வாகனம் இல்லாதவர்களுக்கென உள்ள பாலிசியை எடுத்து அதன்பேரில் தாக்கல் செய்தே ஆக வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது நிறுவனம் மாற்றும்போதுதான்: பழைய பாலிசியை முதலில் ரத்து செய்தால் அந்த நிறுவனம் பாலிசி முடிந்ததை அரசுக்குத் தெரிவிக்கும் எஸ்ஆர்-26 அனுப்பிவிடும், உரிமம் மறுபடி முடங்கும், சில மாநிலங்களில் சான்றை வைத்திருக்க வேண்டிய 3 ஆண்டுக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். புதிய சான்று பதிவானதை உறுதிசெய்த பிறகே பழையதை விடுங்கள். ஃபுளோரிடாவில் குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றவருக்கு இதுவும் போதாது, இன்னும் உயர்ந்த காப்பீட்டு வரம்பு கேட்கும் எஃப்ஆர்-44 சான்று வேண்டும். அதில் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான குறைந்தபட்ச வரம்பே ஒருவருக்கு 1 லட்சம் டாலர்.