கட்டியவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்

வெள்ளைக்காரன் போகும்வரை ஆப்பிரிக்காவில் அரசு என்று ஒன்றே இல்லை, குடிசையும் குலச்சண்டையும்தான் என்று நன்றாகப் படித்தவர்களே இன்றும் பேசுகிறார்கள். அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது கிரேட் ஜிம்பாப்வே கதையைத்தான். அங்கே ஒரு அரசு இருந்தது என்பது பாதிக் கதை. அது இல்லை என்று காட்ட எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது மீதிக் கதை.

இன்றைய ஜிம்பாப்வே நாட்டில், மஸ்விங்கோ நகருக்குப் பக்கத்தில், ஷோனா மக்களின் முன்னோர்கள் 11-ஆம் நூற்றாண்டு தொடங்கி 15-ஆம் நூற்றாண்டு வரை வளர்த்தெடுத்த தலைநகரம் அது. பெரிய மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 250 மீட்டர், சில இடங்களில் 11 மீட்டர் உயரம். எல்லாம் கருங்கல், சாந்து துளியும் கிடையாது. வெயிலிலும் குளிரிலும் அந்தப் பக்கத்துப் பாறை தானாகவே தகடு தகடாகப் பிளந்து வரும். அதைச் செங்கல் அளவுக்கு உடைத்து, வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கிறார்கள். சண்டைக்காகக் கட்டிய கோட்டையாகத் தெரியவில்லை. ஆள்பவர் இருக்கும் இடத்தை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் மதில் என்றே ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள்.

ஆனால் எல்லோரும் மதிலைப் பார்த்தே வாய்பிளக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது குப்பைமேடு. மேட்டுக்குடியினர் இருந்த குன்றின் அடிவாரக் குப்பையில் கிடைத்த மாட்டெலும்புகளில் பெரும்பாலானவை இளம் மாடுகளுடையவை. மாட்டைச் செல்வமாக நினைக்கும் சமூகத்தில் இளம் மாட்டை அறுத்துச் சாப்பிட முடிகிறது என்றால், சுற்றுவட்டாரத்து மந்தைகள்மேல் அவர்களுக்கு எவ்வளவு பிடி இருந்திருக்க வேண்டும்! அரசு நடந்ததற்கு எனக்கு இதுவே போதுமான சாட்சி. உள்நாட்டுத் தங்கமும் தந்தமும் கிழக்குக் கடற்கரையின் சோஃபாலா துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து வடக்கே இருந்த கில்வா என்ற தீவு நகரம் வழியாக இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் கலந்தன. பதிலுக்கு வந்த சீனப் பீங்கான், பாரசீகக் கிண்ணம், இந்தியக் கண்ணாடி மணிகள், கில்வா சுல்தானின் காசு ஒன்று, எல்லாம் இந்த இடிபாடுகளிலேயே கிடைத்திருக்கின்றன. இதுவும் திடீரென்று முளைத்த ஊர் இல்லை. இது உச்சத்துக்கு வரும் முன்பே, 13-ஆம் நூற்றாண்டில், தெற்கே லிம்போபோ ஆற்றங்கரையில் மாபுங்குப்வே என்ற அரசு தங்கத்தகடு போர்த்திய காண்டாமிருகப் பொம்மை செய்யும் அளவுக்கு வசதியாக இருந்தது.

அப்புறம் 1871-இல் கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர் வந்தார். வாசல் விட்டத்திலிருந்து ஒரு சிராய் எடுத்துப் பார்த்தார், அவருடைய பென்சில் கட்டை மாதிரி இருந்ததாம். ஆகவே இது தேவதாரு, ஆகவே லெபனானிலிருந்து வந்தது, ஆகவே இது பைபிளில் வரும் ஷீபா ராணியின் மாளிகை! ஒரு பென்சிலை வைத்து ஒரு மக்களின் உழைப்பையே பறித்துவிட்டார். அந்த நிலத்தைப் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குக் கீழ் கொண்டுவந்த செசில் ரோட்ஸுக்கு இது அல்வா சாப்பிட்டது மாதிரி. ‘பழங்காலத்தில் வெளியார் ஆண்ட நிலம், நாங்கள் திரும்ப வந்திருக்கிறோம்’ என்று சொல்லிக்கொள்ளலாமே. அங்கிருந்த மாக்கல் பறவைச் சிற்பம் ஒன்றை விலைக்கு வாங்கி, கேப்டவுன் வீட்டில் வைத்துக்கொண்டார். 1895-இல் அந்த வட்டாரத்தின் மற்றப் பழைய இடிபாடுகளில் தங்கம் தேடித் தோண்டுவதற்கென்றே ஒரு கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார்கள்.

உண்மை வெளிவரவில்லை என்று சொல்ல முடியாது. 1905-இல் தொல்லியலாளர் டேவிட் ராண்டல் மக்ஐவர் அகழ்ந்து பார்த்து, இது ஆப்பிரிக்கர்கள் கட்டியது, இடைக்காலத்தைச் சேர்ந்தது என்று எழுதிவிட்டார். 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் மறுபடி தோண்டி அதையே உறுதி செய்தார். குடியேறிய வெள்ளையர்கள் கேட்கவில்லை. 1965-க்குப் பிறகு, அப்போது ரொடீசியா என்று அழைக்கப்பட்ட அந்த நாட்டை ஆண்ட இயன் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு, கட்டியது யார் என்பதைத் தெளிவாகச் சொல்லக் கூடாது என்று நெருக்கியது. அரசின் தொல்லியல் ஆய்வாளராக இருந்த பீட்டர் கார்லேக் 1970-இல் நாட்டை விட்டே வெளியேறினார்.

நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த நாட்டில் பழைய கல்லைப் பார்த்தாலும் ‘தமிழன் போய்க் கட்டினான்’ என்று வாட்ஸ்அப்பில் உருட்டுவதும் மௌக் செய்த அதே வேலைதான். அங்கேயே வாழ்ந்தவன் கையால் ஆகாது என்ற நினைப்பு இல்லாமல் அப்படி எழுத வராது.

எனக்கு ஆறாத கோபம் ரிச்சர்ட் ஹால்மேல்தான். 1902-இல் இடிபாடுகளைப் பாதுகாக்கத்தான் இவரை நியமித்தார்கள். அவரோ ஆப்பிரிக்கர்கள் வாழ்ந்த தடயங்களையெல்லாம் பிற்கால அசிங்கம் என்று முடிவுகட்டி, அடியில் ஷீபா காலத்து அடுக்கு இருக்கும் என்ற நம்பிக்கையில் அடிக்கணக்கில் மண்ணை வாரி வெளியே கொட்டினார். தொல்லியலாளர்கள் கொதித்தெழுந்த பிறகே வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த மண்ணில்தான் சுவரோடு ஒட்டிய மண்வீடுகளின் தரைகளும் அடுப்புகளும் பானைகளும் காலவரிசையில் படிந்து கிடந்தன. எந்த மதிலுக்குள் யார் வாழ்ந்தார்கள், ராஜா வீடு எது, வழிபாட்டு இடம் எது என்று அறிஞர்கள் இன்றும் அடித்துக்கொள்வதற்கு அந்த ஒரு மனிதனின் மண்வெட்டி பெரிய காரணம்.