டோடோல் கடைக்கு இரண்டரை மணி நேரம், பிள்ளையாருக்குப் பூட்டிய கதவு

நேற்று ராத்திரி வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை, அவ்வளவு வயிற்றெரிச்சல். தலைக்கு 130 வெள்ளி கட்டி, விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் பஸ் ஏறி, மலாக்கா போய் நாங்கள் அதிக நேரம் நின்றது டோடோல் என்கிற மலாய் இனிப்பு விற்கும் ஒரு கடையில்.

சுற்றுலா நோட்டீஸில் முதல் படமே ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில். அதைப் பார்த்துத்தான் எங்கள் ஆயா வருகிறேன் என்றார். 82 வயது, பால்மரம் (ரப்பர்) சீவி ஓய்ந்த உடம்பு. முதல் நாளே மஞ்சள் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, சூடம் எல்லாம் கட்டி வைத்து, வழியில் தாப்பாவில் பசியாற இறங்கியபோதுகூடப் பையைக் கீழே வைக்கவில்லை.

பத்து மணிக்கு மலாக்கா வந்தாயிற்று. நேரே கோயிலுக்குப் போவதுதானே? "பத்து நிமிஷம், டாய்லெட் போயிட்டு வந்துருங்க" என்று கடை வாசலில் இறக்கிவிட்டார் வழிகாட்டி. உள்ளே போனால் கடை முழுக்கச் சுற்றினால்தான் வெளியே வர முடியும். டோடோலைத் தட்டில் நீட்டுகிறார்கள், அப்புறம் கூலா மெலாக்கா வெல்லம், அப்புறம் பெலாச்சான் என்கிற இறால் விழுது, அப்புறம் ஒருவர் மைக்கைப் பிடித்து மூட்டுவலி எண்ணெய்க்கு 40 நிமிடம் விளக்கம். தப்பித்து வெளியே வந்தால் பஸ் பூட்டியிருக்கிறது, டிரைவரைக் காணோம். ஆயா பிளாஸ்டிக் நாற்காலியில் பையோடு உட்கார்ந்திருக்கிறார். "தம்பி, எப்போ கிளம்புறது?" என்று கேட்டேன். "ரெண்டு பேரு பில்லு போடுறாங்கக்கா." அரை மணி கழித்துக் கேட்டேன், அதே பதில். யார் அந்த ரெண்டு பேர்? எங்கள் பஸ் ஆட்கள் அத்தனை பேரும் வெயிலில் என்னோடுதான் நின்றார்கள்!

பன்னிரண்டரைக்குக் கிளம்பி, 1753-ல் டச்சுக்காரர்கள் கட்டிய சிவப்பு தேவாலயத்தை ஜன்னல் வழியாகக் காட்டினார் வழிகாட்டி. ஏ ஃபமோசாவில் பத்து நிமிடம். 1511-ல் போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டை, 1807-ல் ஆங்கிலேயர் இடித்தது போக இந்த வாசல் ஒன்றுதான் மிச்சம் என்று பிள்ளைகளுக்கு நான்தான் சொன்னேன். வழிகாட்டிக்கு எங்களைப் படம் எடுத்துக் கொடுக்கத்தான் நேரம் இருந்தது.

கோயில் சந்துக்குள் பஸ் போகாது. உச்சி வெயிலில் ஆயாவைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப் போனால், நடை சாத்தியிருக்கிறது. மத்தியானம் கோயில் சாத்துவார்கள் என்பது தமிழர்களைக் கூட்டிப் போகிற ஆளுக்குத் தெரியாதா? சண்டைக்கு நின்றேன். அதற்கு அவர் சொன்னார்: "பிள்ளையார் கோயிலு எல்லா ஊர்லயும் இருக்குதானேக்கா."

இருக்கிறதா? டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1781-ல், மலாக்கா செட்டிகள் என்கிற பழைய தமிழ் வம்சத்தார் கட்டிய கோயில் ஐயா அது. வாயில் தமிழ் போய் மலாய் வந்த பிறகும் சாமியை விடாத சனம். அதே வரிசையில் 1748-ல் எழுந்த கம்போங் கிலிங் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி 17-ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங். மூன்றையும் நடந்தே பார்க்கலாம். 2008-ல் யுனெஸ்கோ இந்த நகரத்துக்கு உலக மரபுரிமைப் பட்டம் கொடுத்தது மூட்டுவலி எண்ணெய்க்காக இல்லை. நம் ஆட்கள் தோட்ட வேலைக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இங்கே நம் மணி அடித்திருக்கிறது, அதைப் பிள்ளைகள் ஒரு தடவை காதால் கேட்க வேண்டும் என்றுதானே கூட்டிப் போனேன்!

ஆயா ஒன்றும் பேசவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே படியில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். காற்று இரண்டு தடவை அணைத்தது. மூன்றாவது தடவை நான் கையால் மறைத்துப் பிடித்தேன். தேங்காயை உடைக்க இடம் இல்லை, பையிலேயே திரும்பி வந்தது.

ராத்திரி பதினொன்றரைக்கு இங்கே இறங்கினால் எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. மூன்று மாதமாக எரியவில்லை! இரண்டு தடவை மனு எழுதிக் கொடுத்தாயிற்று, வந்து எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. ஆயா கால் தடுக்கி விழப் பார்த்தார். நாளைக்கு மூன்றாவது மனு எழுதுகிறேன், தெருவில் யார் யார் கையெழுத்துப் போடுகிறீர்கள் சொல்லுங்கள்.