எம்.பி. சம்பளம் தொழிலாளர்கள் கேட்டு வாங்கியது

எம்.பி.களுக்குச் சம்பளம் எதற்கு, சேவையாகச் செய்யட்டுமே என்பவர்கள் பிரிட்டனில் வாக்குரிமை கேட்டுத் தொழிலாளர்கள் நடத்திய சாசன இயக்கத்தின் (Chartism) வரலாற்றைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

1832 சீர்திருத்தச் சட்டம் ஜனநாயகத்தைக் கொண்டுவந்தது என்று சொல்வது பாதி உண்மைகூட இல்லை. ஓல்ட் சாரம் போன்ற ஆளில்லாத தொகுதிகள் ஒழிந்தன, மான்செஸ்டருக்கு உறுப்பினர்கள் கிடைத்தார்கள், சரி. ஆனால் நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டில் குடியிருந்தால்தான் வாக்கு. தெருவில் இறங்கிப் போராடிய நெசவாளிகளில் பெரும்பாலோர் வெளியேதான் நின்றார்கள்.

அந்தக் கோபத்தில் பிறந்தது 1838-இன் மக்கள் சாசனம். 21 வயதான ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு, ரகசிய வாக்குப்பதிவு, வேட்பாளருக்குச் சொத்துத் தகுதி ஒழிப்பு, உறுப்பினருக்குச் சம்பளம், சம அளவுத் தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். பெண்களைச் சேர்க்காமல் விட்டது பெரிய குறை. ஆனால் இந்த ஆறும் சும்மா அடுக்கியவை அல்ல. அன்று வாக்காளர் மேடையேறி, யாருக்கு வாக்கு என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். எழுத்தர் பெயரோடு குறித்துக்கொள்வார். அந்தப் பட்டியலை அச்சிட்டு விற்பதும் உண்டு. நிலக்கிழாருக்கு எதிராக வாக்களித்த குத்தகைதாரருக்கு நிலம் போகும், கடைக்காரருக்கு வாடிக்கை போகும். ரகசியம் இல்லாமல் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தால், முதலாளியின் கையில்தான் வாக்குகள் கூடும். தேர்தலில் நிற்பதற்கோ, நகரத் தொகுதிக்கு ஆண்டுக்கு 300 பவுண்டு, ஊரகத் தொகுதிக்கு 600 பவுண்டு வருமானம் வரும் சொத்து வேண்டும். இயக்கத்தின் பெருந்தலைவரான ஃபியர்கஸ் ஓ'கானரே 1835-இல் கார்க் தொகுதியில் வென்றும், இந்தத் தகுதி இல்லையென்று பதவி இழந்தவர்.

சாசனத்தை ஏற்கக் கோரி நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த 1842 மனுவில் 33 லட்சம் கையெழுத்துக்குமேல். வாசலில் நுழையாததால் பிரித்துத்தான் அவைக்குள் கொண்டுபோனார்கள். ஆதரவு 49, எதிர்ப்பு 287. அனைவருக்கும் வாக்கு என்பது நாகரிகத்துக்கே ஒவ்வாது என்று எதிர்த்துப் பேசியவர், நம் ஊர்க் கல்விச் சர்ச்சைகளில் இன்றும் பெயர் அடிபடும் அதே மெக்காலே.

1848 மனுவில் விக்டோரியா ராணியின் பெயரில்கூடப் போலிக் கையெழுத்து இருந்தது. 57 லட்சம் என்று ஓ'கானர் அறிவித்தார். அவை எழுத்தர்கள் எண்ணியபோது 20 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மிகைப்படுத்தியதால் இயக்கமே கேலிக்கு ஆளானது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு: எண்ணிக் கிடைத்த அந்தத் தொகையே எந்த அரசையும் நடுங்க வைக்கப் போதுமானது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சொத்துத் தகுதி 1858-இல் போனது. ரகசிய வாக்கு 1872-இல் வந்தது. ஆண்டுத் தேர்தல் இன்றுவரை வரவில்லை. சம்பளம்தான் இழுத்தடித்தது. 1874-இல் தாமஸ் பர்ட், அலெக்சாண்டர் மெக்டொனால்ட் என்ற இரு சுரங்கத் தொழிலாளர் தலைவர்கள் வென்றார்கள். சம்பளம் இல்லாததால் பர்ட்டின் செலவைச் சுரங்கத் தொழிலாளர் சங்கம்தான் ஏற்றது. அந்த வழியையும் 1909-இல் ஆஸ்போர்ன் வழக்கின் தீர்ப்பு அடைத்தது: சங்கப் பணத்தை அரசியலுக்குச் செலவிடக் கூடாது. தொழிற்கட்சி உறுப்பினர்களின் வருமானத்துக்கே ஆபத்து. அந்த நெருக்கடியில்தான் 1911-இல் எம்.பி.களுக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு சம்பளம் வந்தது, சாசனம் கேட்டு 73 ஆண்டுகள் கழித்து.