9 மணி என்றால் 9 மணிதான்!

குளிர்காலத்தில் தேம்ஸ் நதியில் ஒருநாள் துடுப்புப் பயணம் என்றால் பெயர் கொடுக்க முண்டியடிக்கிறார்கள். அன்று காலை கரையில் பார்க்க வேண்டுமே! 9 மணிக்குப் படகு இறங்க வேண்டும். 9:20-க்கு ஒரு மகராசர் காபிக் கோப்பையோடு ஆடி அசைந்து வருவார். துடுப்பு போட நாலு பேர், படகைத் திருப்பி வழிநடத்த ஒரு காக்ஸ் உள்ள படகில் ஒரு ஆள் குறைந்தாலும் மற்ற நாலு பேரும் குளிரில் நின்று விறைக்க வேண்டியதுதான்.

"அரை மணி நேரம்தானே?" கணக்குப் போடுங்கள் ஐயா. ஹென்லியிலிருந்து மெய்டன்ஹெட் சுமார் 24 கிலோமீட்டர். மணிக்கு 7, 8 கிலோமீட்டர் போனாலும் துடுப்பு போடவே மூன்று மணி நேரத்துக்கு மேல். வழியில் ஹாம்பிள்டன், ஹர்லி, டெம்பிள், மார்லோ, குக்கம், போல்ட்டர்ஸ் என்று ஆறு லாக், அதாவது நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள். குளிர்காலத்தில் ஊழியர் இல்லாத லாக்கில் நாமே கரையேறிக் கதவைத் திறந்து மூட வேண்டும். ஒன்றுக்கு 15, 20 நிமிடம். சாப்பாட்டுக்கு 45 நிமிடம். ஆக ஆறு மணி நேரம். டிசம்பரில் அங்கே 4 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். 9-க்குக் கிளம்பினால் 3-க்குக் கரை. 10:30-க்குக் கிளம்பினால்? கடைசி லாக்கையும் பக்கத்துத் தடுப்பணையையும் இருட்டில் தடவிக்கொண்டு போக வேண்டும்.

இந்த அழகில் கார் விவகாரம் வேறு. முடிகிற இடத்தில் கார் நிற்க வேண்டும் என்று அன்று காலைதான் ஞானோதயம் வரும். போக வர ஒரு மணி நேரம் காலி. முந்தின நாளே கொண்டுபோய் விட்டால் என்ன?

அடுத்து, நீரோட்டத்தைப் பற்றி எச்சரிக்கும் மஞ்சள் பலகை. "சிவப்பு இல்லையே, போகலாம்" என்று ஒரு கும்பல். லாக்கில் மஞ்சள் பலகை தொங்கினாலே மோட்டார் இல்லாத படகு ஆற்றில் இறங்காதே என்றுதான் அறிவுரை. நீரோட்டம் குறைகிறது என்று எழுதியிருந்தாலும் அதேதான். பழுதுபார்க்க எந்த லாக்கை மூடியிருக்கிறார்கள் என்றும் முன்கூட்டியே பார்ப்பதில்லை. போய் முட்டிக்கொண்ட பிறகு படகைத் தோளில் தூக்குவது யார்?

உடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பருத்தி ஹூடி! நனைந்தால் ஈரச்சாக்கு. காலில் ரப்பர் பூட்ஸ், விழுந்தால் தண்ணீர் நிரம்பிக் கனக்கும். ஐந்தாறு டிகிரித் தண்ணீரில் விழுந்த முதல் ஓரிரு நிமிடம் மூச்சே கட்டுப்பாட்டில் இருக்காது. சில நிமிடத்தில் விரல் மடங்காது. அதனால்தான் படகை விட்டு நீந்தாதே, அதன்மேல் ஏறிப் படு என்று தொண்டை கிழியக் கத்துகிறோம். முன்மூக்கில் படுத்து ஓட்டுகிற காக்ஸுக்குத் தானாக ஊதும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிடுகிற புத்திசாலிகளும் உண்டு. கவிழ்ந்தால் அது உள்ளேயே ஊதி ஆளை வெளியே வரவிடாது. அவருக்குக் கையால் இழுத்து ஊதும் வகைதான்.

லாக்குக்குள் கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? தண்ணீர் இறங்கும்போது படகு சுவரில் தொங்கும். கயிற்றைக் கம்பத்தில் சுற்றி நுனியைக் கையில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பின்கதவடியில் இருக்கும் கல்திட்டில் படகு மாட்டாமல் முன்னால் தள்ளி நில்லுங்கள். ரிகர், அதாவது துடுப்பைத் தாங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டம், சுவரில் மாட்டாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த ரிகரை முடுக்க 10, 13 மில்லிமீட்டர் ஸ்பானர் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டவர் யார்? அந்தக் காபிக் கோப்பைக்காரர்தானே!