முன்னாள் மாணவர் ஆலோசனைக் குழுவுக்கு அட்மிஷன் அதிகாரம் கிடையாது

"முன்னாள் மாணவர் ஆலோசனைக் குழுவில் இடம் கிடைத்தால் கூட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் வரும், அட்மிஷனுக்கும் நாலு பேரைச் சொல்லிவிடலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தவறான தகவல் தம்பி.

நான் காரைக்குடிக்காரன். படித்த இடத்தில் மூன்று வருஷம் அப்படி ஒரு குழுவில் இருந்தேன். சம்பளம் இல்லை. சென்னையிலிருந்து வர பல்லவன் ரயில் டிக்கெட்டும் கைக்காசுதான். கட்டணம், நியமனம், சேர்க்கை எதிலும் எங்களுக்கு ஓட்டு இல்லை. யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். அழகப்பா பல்கலைக்கழகம் மாதிரி (1985ல் மாநில அரசின் தனிச் சட்டத்தால் வந்தது) அரசுப் பல்கலைக்கழகங்களில் நிர்வாக முடிவு சிண்டிகேட் என்ற ஆட்சிக் குழுவின் கையில் இருக்கிறது.

இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியார் ஊர் இது. அதனால் குழு என்றாலே பணக்காரர் சங்கம் என்று தோன்றுவது புரிகிறது. ஆனால் எங்களிடம் கேட்டது நேரத்தை. ஒருமுறை கடைசி வருஷப் பெண்ணொருத்தி, ரெஸ்யூமை பிளாஸ்டிக் கவரில் போட்டு இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தாள். இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதே இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்கினோம். போகும்போது கவரைப் பைக்குள் வைத்துவிட்டுக் கைவீசி நடந்தாள்.

அப்புறம், நாக் (NAAC, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்பையும் பார்க்கிறார்கள். கல்லூரிகள் கூப்பிட அதுவும் ஒரு காரணம்.

சேர நினைப்பவர்கள் சனிக்கிழமைகளை ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். குழுவின் பெயரைச் சொல்லி யாராவது சீட்டுக்குப் பணம் கேட்டால், பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.