ஸ்டாக்ஹோமில் டிசம்பரிலும் சூரியன் உதிக்கிறது

"டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நாள் முழுவதும் இருட்டு, ஹோட்டல் ஜன்னலிலிருந்தே துருவ ஒளியைப் பார்க்கலாம்" என்று ஒரு பயணப் பதிவில் எழுதியிருப்பது இரண்டுமே தவறு. சூரியன் உதிக்காத நாட்கள் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, கிருனா போன்ற ஊர்களில்தான். ஸ்டாக்ஹோமில் மிகக் குறுகிய நாளிலும் காலை சுமார் 8.45க்கு உதித்து, பிற்பகல் 3 மணிக்குச் சற்று முன் மறைகிறது. அந்த ஆறு மணி நேரம் விலைமதிப்பற்றது. காம்லா ஸ்டான் என்ற பழைய நகரப் பகுதியின் சந்துகளையும் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். வாசா என்ற பழைய போர்க்கப்பல் அருங்காட்சியகக் கூரைக்குள் இருக்கிறது, இருட்டினாலும் பாதகமில்லை. மூடும் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

துருவ ஒளி அங்கே அபூர்வம். வலுவான சூரியப் புயல் வேண்டும், வானமும் தெளிந்திருக்க வேண்டும். அதுதான் நோக்கமென்றால் இரவு ரயிலேறி, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள அபிஸ்கோ என்ற ஊருக்குச் செல்லுங்கள். தயவுசெய்து அந்தப் பதிவை நம்பி ஸ்டாக்ஹோமுக்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.