கழிவு வரட்டும், கணக்கும் வரட்டும்
ஓசூர், சூளகிரி மின்வாகன ஆலைகளுக்காகப் பேட்டரிக் கழிவு இறக்குமதி விதிகளைத் தளர்த்தலாம் என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. 2016 அபாயக் கழிவு விதிகளின்படி கொட்டி அழிப்பதற்கு இறக்குமதியே கூடாது. மறுசுழற்சிக்கு என்றாலும் அபாயக் கழிவுக்கு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். சரக்கோடு படிவம் 6 என்ற கழிவுப் போக்குவரத்து ஆவணம் வர வேண்டும். சட்டவிரோதச் சரக்கை 90 நாளுக்குள் இறக்குமதியாளரே தன் செலவில் திருப்பியனுப்ப வேண்டும். இதில் எதைத் தளர்த்துவது?

லித்தியம் பேட்டரிகளை மிச்ச மின்னேற்றத்தோடு, முனைகளில் டேப் ஒட்டாமல் குவித்தால் ஷார்ட் ஆகி கன்டெய்னரே எரியும். உடைந்த செல்லில் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும். தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகும் மறுபடி பற்றலாம்.

ஈய பேட்டரியில் ஆபத்து உருக்கிய பின் மிஞ்சும் கசடு. கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்கு லாரி வாடகை கொடுக்க மனமில்லாமல் ஏரிக்கரையில் கொட்டினால் கிணறுகளில் ஈயம் இறங்கும். வந்த டன், எடுத்த ஈயம், வெளியேறிய கசடு மூன்றையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதாமாதம் எடைச்சீட்டோடு ஒப்பிட வேண்டும்.